கவச ஊர்திகளின் தடுப்புப் பராமரிப்பு: செயல்முறை, சொல்லாட்சி, பதிவு

ஆய்வுச் சுருக்கம்

போர்க்களத்தில் டாங்கிகள் எதிரியின் குண்டுகளால் மட்டும் செயலிழப்பதில்லை. தேய்ந்த சங்கிலிப்பட்டை, தூசியடைந்த காற்று வடிப்பான், வற்றிய கிரீஸ் ஆகியவற்றாலும் அவை நின்றுபோகின்றன. இவ்விழப்பைக் குறைக்க ஊர்திக் குழுவினர் நாள்தோறும் மேற்கொள்ளும் தடுப்புப் பராமரிப்பை, ஆவடியில் உரிமம் பெற்று உருவாக்கப்பட்ட டி-72 டாங்கியை முதன்மைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. பராமரிப்பின் தரம் கருவிகளை மட்டுமன்றி, கையேட்டின் சொல் தெளிவையும், குழுவின் ஆள் எண்ணிக்கையையும், பதிவேட்டின் நேர்மையையும் சார்ந்துள்ளது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: கவச ஊர்தி, தடுப்புப் பராமரிப்பு, டி-72, சங்கிலிப்பட்டை, காற்று வடிப்பான், கசிவு, கலைச்சொல், ஆவடி.

முன்னுரை

டாங்கி என்றதும் நினைவுக்கு வருவன நீண்ட பீரங்கிக் குழலும் தடித்த கவசமும்தாம். 41 டன் எடையுள்ள அவ்வூர்தியைக் களம்வரை கொண்டுசேர்ப்பவையோ, கண்ணுக்குப் புலப்படாத இடங்களில் உள்ள ரப்பர் புஷ்களும், எண்ணெயில் நனைந்த கம்பிவலைகளும், சக்கரக் குடத்தினுள் அடைத்த கிரீசுமாகும். போர் வரலாற்று நூல்கள் இவற்றுக்கு ஒதுக்கும் பக்கங்கள் மிகச் சில.

சென்னையை அடுத்த ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலை 1961-இல் நிறுவப்பட்டது. 1965-இல் விஜயந்தா அங்கு உருவாகத் தொடங்கியது. 1980களின் பிற்பகுதியிலிருந்து அஜேயா என்னும் பெயரில் டி-72, பின்னர் பீஷ்மா என்னும் பெயரில் டி-90, உள்நாட்டு வடிவமைப்பான அர்ஜுன் ஆகியன அதே வளாகத்திலிருந்து வெளிவந்தன. தமிழ் வாசகருக்கு இவ்வூர்திகள் பெரும்பாலும் தயாரிப்புச் செய்திகளாகவே அறிமுகமாகியுள்ளன. தொழிற்சாலை வாயிலைக் கடந்தபின் அவ்வூர்தியை யார், எவ்வாறு, எந்தச் சொற்களைக் கொண்டு பேணுகின்றனர் என்ற வினாவைத் தமிழில் எழுப்புவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழுது நீக்கலும் தடுப்புப் பராமரிப்பும்

உறுப்பு கெட்டபின் அதைச் சீர்செய்வது பழுது நீக்கல். கெடுவதற்கு முன்பே அதன் நிலையை அறிந்து துப்புரவு செய்தல், எண்ணெயிடல், இறுக்குதல், மாற்றுதல் ஆகியன தடுப்புப் பராமரிப்பு. இவ்வேறுபாடு எளிதாகத் தோன்றினும், ஒரு குறிப்பிட்ட பழுதுக்குக் காரணம் வடிவமைப்பா, பேணாமையா என்று பிரித்தறிவது வரலாற்றாய்வில் இன்றும் இடர் தருவதாகவே உள்ளது.

இரண்டாம் உலகப் போரின்போது சோவியத் ஒன்றியம் ஒரு டி-34 டாங்கியை அமெரிக்காவின் அபர்டீன் சோதனைத் தளத்துக்கு அனுப்பியது. 343 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப்பின் அதன் இயந்திரம் சீர்செய்ய இயலாதவாறு கெட்டது என்றும், காற்று வடிப்பானின் தரக்குறைவால் தூசி உட்புகுந்ததே காரணம் என்றும் அச்சோதனை குறித்த சோவியத் ஆவணம் தெரிவிக்கிறது. அவ்வடிப்பானில் ஊற்றவேண்டிய எண்ணெய் முறையாக ஊற்றப்பட்டிருந்ததா என்ற ஐயத்தைப் பின்னாளில் எழுதியோர் சிலர் எழுப்பியுள்ளனர். ஐயம் சரியெனில், சோதிக்கப்பட்டது டாங்கியன்று. அதைப் பேணியவர்களுக்குக் கையேடு சென்று சேர்ந்ததா என்பதேயாகும்.

மறுபுறம், பேணுதலால் மட்டும் காக்க முடியாத ஊர்திகளும் உள்ளன. 1943 ஜூலையில் குர்ஸ்க் போரில் செருமானியர் முதன்முதலாக இறக்கிய ஏறத்தாழ 200 பாந்தர் டாங்கிகளுள் பெரும்பாலானவை ஒரு வாரத்துக்குள் ஓடும் நிலையை இழந்தன. எதிரியின் கண்ணிவெடிகளும் குண்டுகளும் ஒரு பங்கு. எரிபொருள் கசிவால் தீப்பற்றியதும், எடைக்கு ஈடுகொடாத இறுதி இயக்கப் பற்சக்கரங்கள் உடைந்ததும் மற்றொரு பங்கு. எத்துணைக் கவனமாக எண்ணெயிட்டாலும் வலுக்குறைந்த பல் உடையவே செய்யும். ஆகவே தடுப்புப் பராமரிப்பு என்பது வடிவமைப்பாளர் உள்ளே வைத்த ஆயுளை முழுமையாகப் பெறுவதற்கான வழியேயன்றி, அவர் வைக்காத ஆயுளைக் கூட்டும் வழியன்று. இந்த வரம்பை மறந்து, படைப்பிரிவுகளின் மீது மட்டும் பழி சுமத்திய அறிக்கைகள் எல்லா நாட்டுப் படைகளிலும் உண்டு.

குதிரைப்படை மரபு

டாங்கிப் படைகள் பலவும் குதிரைப்படைகளாகத் தொடங்கியவை. ஆர்க்காட்டு நவாபின் படையில் 1776-இல் உருவான குதிரைப்படைப் பிரிவே இன்றைய 16-ஆம் லைட் கேவல்ரி. இந்தியப் பிரிவுகளில் இயந்திர ஊர்திக்கு மாறும் பணி 1938-இல் சிந்து குதிரைப்படையில் தொடங்கியது. குதிரை போனபின்னும் அதனோடு தொடர்புடைய ஒழுங்கு போகவில்லை. வீரன் உண்பதற்கு முன் குதிரை உண்ணவேண்டும்; இரவு தங்குமிடம் சேர்ந்ததும் முதலில் குளம்பைப் பார்க்கவேண்டும் என்ற நெறியே, ஓட்டம் முடிந்ததும் முதலில் சக்கரக் குடத்தைத் தொட்டுப் பார்க்கவேண்டும் என்ற நெறியாக உருமாறியது.

பிரித்தானிய மரபில் நாளின் சோதனைகள் முதல் அணிவகுப்பு, நிறுத்த அணிவகுப்பு, இறுதி அணிவகுப்பு என மூன்றாகப் பகுக்கப்பட்டன. அமெரிக்கக் கையேடுகள் இவற்றையே ஓட்டத்துக்கு முன், ஓட்டத்தின்போது, ஓட்டத்துக்குப் பின் என்று குறிக்கின்றன. வாரச் சோதனையும் மாதச் சோதனையும் இவற்றோடு சேரும். சோவியத் மரபில் நாள்தோறும் செய்யும் பணியும், குறிப்பிட்ட கிலோமீட்டர் ஓட்டத்துக்கு ஒருமுறை செய்யும் முதலாம், இரண்டாம் எண் பணிகளும் உள்ளன. பெயர்கள் வேறுபடினும் உள்ளமைப்பு ஒன்றே. ஊர்திக் குழுவினர் செய்வது அடித்தளம்; படைப்பிரிவோடு உடன்செல்லும் தொழில்நுட்பப் பிரிவு செய்வது அடுத்த படி; தளப் பணிமனையிலோ தொழிற்சாலையிலோ ஊர்தியை முழுவதும் பிரித்துப் புதுப்பிப்பது இறுதிப் படி. இந்தியாவில் இடைப்படியும் மேற்படியும் பெரிதும் மின்னணு மற்றும் இயந்திரப் பொறியாளர் படைப்பிரிவின் பொறுப்பாகும். இக்கட்டுரை அடித்தளத்தையே பேசுகிறது.

சங்கிலிப்பட்டை: ஒரு மில்லிமீட்டரின் கணக்கு

பணிமனையில் டிராக் என வழங்கும் சங்கிலிப்பட்டையே டாங்கியின் உறுப்புகளுள் மிக விரைவாகத் தேய்வது. டி-72-இல் ஒவ்வொரு பக்கமும் சுமார் 97 எஃகுக் கண்ணிகள் உள்ளன. அடுத்தடுத்த கண்ணிகளை எஃகு ஊசிகள் இணைக்கின்றன. ஊசிக்கும் கண்ணிக்கும் இடையில் ரப்பர் புஷ் உண்டு. ஒரு கண்ணியின் நடுவிலிருந்து அடுத்த கண்ணியின் நடுவரை உள்ள தொலைவு 137 மில்லிமீட்டர்.

ஒவ்வோர் இணைப்பிலும் ஒரு மில்லிமீட்டர் மட்டும் தேய்மானம் ஏற்பட்டால், தனி இணைப்பைப் பார்ப்பவருக்கு அது தெரியாது. ஆனால் 97 இணைப்புகளின் தேய்மானமும் கூடிப் பட்டை 97 மில்லிமீட்டர் நீண்டுவிடும். இணைப்புக்கு ஏறத்தாழ 1.4 மில்லிமீட்டர் தேய்ந்தால் நீட்சி ஒரு முழுக் கண்ணியின் அளவை எட்டும். முன்புறமுள்ள வழிகாட்டுச் சக்கரத்தை முன்னோக்கித் தள்ளி இத்தளர்வை ஈடுசெய்வர். அதன் நகர்வெல்லை முடிந்ததும் ஒரு கண்ணியைக் கழற்றிவிட்டுப் பட்டையை மீண்டும் பூட்டுவர். கழற்றிய கண்ணிகளின் எண்ணிக்கையே பட்டையின் எஞ்சிய ஆயுளைக் காட்டும் நாட்காட்டி. அந்த எண்ணிக்கை பதிவேட்டில் இல்லையெனில், புதிதாக வரும் குழுவினருக்கு அப்பட்டை எத்துணை முதுமையடைந்தது என்பது தெரியாது.

எவ்வளவு இறுக்குவது என்பதில்தான் பட்டறிவு தேவை. தளர்ந்த பட்டை, மென்மணலில் கூர்மையாகத் திரும்பும்போது சக்கரத்தை விட்டு நழுவும். நழுவிய பட்டையை மீண்டும் ஏற்றுவது நல்ல தரையிலேயே கடும் உழைப்பு. எதிரியின் பார்வையில் நிற்கும் டாங்கிக்கு அது பெரும்பாலும் ஊர்தியையே கைவிடும் நிலை. அதற்கஞ்சி மிகுதியாக இறுக்கினால் வழிகாட்டுச் சக்கரத்தின் பேரிங்கும் இறுதி இயக்கமும் சூடேறும். புஷ் விரைந்து தேயும். இயந்திர ஆற்றலின் ஒரு பகுதி பட்டையை இழுப்பதிலேயே வீணாகும். சேற்றிலும் பனியிலும் இக்கணக்கு மாறுகிறது. பல்சக்கரத்துக்கும் பட்டைக்கும் இடையில் சேறு அடைபடும்போது பட்டை தானே இறுகும். ஆகவே அத்தகைய தரைக்குச் செல்லுமுன் சற்றுத் தளர்த்த வேண்டும். மேற்புறப் பட்டையின் தொய்வை அளந்து பார்க்கும் எளிய சோதனை இவ்வளவையும் உள்ளடக்கியது.

மற்றொன்று செவியால் செய்யும் சோதனை. சிறு சுத்தியலால் திருகாணியைத் தட்டினால் இறுகியது கணீரென ஒலிக்கும். தளர்ந்தது மழுங்கி ஒலிக்கும். மூன்றாவது கையால் செய்வது. ஓட்டம் முடிந்த உடனேயே பன்னிரண்டு ஓடுசக்கரங்களின் குடங்களையும் வரிசையாகத் தொட்டுச் செல்லவேண்டும். எல்லாம் ஒரே அளவில் சுட்டால் கவலையில்லை. ஒன்று மட்டும் மிகுதியாகச் சுட்டால் அதன் பேரிங்கில் கிரீஸ் வற்றியிருக்கலாம், அடைப்பு வளையம் கிழிந்திருக்கலாம். அரைமணி நேரம் கழித்துச் செய்தால் இச்சோதனைக்குப் பொருளில்லை. எல்லாக் குடங்களும் அதற்குள் ஆறிவிடும். "ஓட்டத்துக்குப் பின்" என்ற சொற்றொடரை "உடனே" என்று படிப்பதா, "உணவுக்குப் பின்" என்று படிப்பதா என்பதில் ஒரு பேரிங்கின் ஆயுள் அடங்கியிருக்கிறது.

காற்று: ஒரு விழுக்காட்டின் கணக்கு

டி-72-இன் பன்னிரு உருளை டீசல் இயந்திரம் 780 குதிரைத்திறன் கொண்டது. அதன் உருளைகளின் மொத்தக் கொள்ளளவு சுமார் 38.8 லிட்டர். நான்கடிப்பு இயந்திரம் நிமிடத்துக்கு 2000 சுற்று சுழலும்போது ஒவ்வோர் உருளையும் 1000 முறை காற்றை இழுக்கும். அதாவது நிமிடத்துக்குக் குறைந்தது 38.8 கனமீட்டர், மணிக்கு 2300 கனமீட்டருக்கு மேல். காற்றழுத்தி இணைந்திருப்பதால் உண்மை அளவு இதனினும் கூடுதல்.

அணியாகச் செல்லும் டாங்கிகளுள் முன்செல்வது எழுப்பும் புழுதியைப் பின்வருவது உண்கிறது. கணக்கின் எளிமைக்காக, ஒரு கனமீட்டர்க் காற்றில் ஒரு கிராம் தூசி உள்ளதெனக் கொள்வோம். ஒரு மணி நேரத்தில் வடிப்பானை வந்தடையும் தூசி 2.3 கிலோகிராம். வடிப்பான் 99 விழுக்காட்டைத் தடுத்தால் 23 கிராம் இயந்திரத்துக்குள் செல்லும். துப்புரவின்மையாலோ, விளிம்பு சரியாகப் பொருந்தாமையாலோ தடுப்புத்திறன் 98 விழுக்காடாகக் குறைந்தால் உட்செல்வது 46 கிராம். வடிப்பானின் பக்கமிருந்து பார்த்தால் இழப்பு ஒரு விழுக்காடு. இயந்திரத்தின் பக்கமிருந்து பார்த்தால் தேய்மானப் பொருள் இருமடங்கு. பராமரிப்புப் பயிற்சியில் இந்த இரண்டாவது பார்வையே கற்பிக்கப்பட வேண்டும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

டி-72-இன் வடிப்பான் இரு நிலைகளைக் கொண்டது. முதல் நிலையில் சிறு சுழற்குழாய்கள் காற்றைச் சுழற்றிக் கனமான துகள்களை வெளியேற்றுகின்றன. இரண்டாம் நிலையில் எண்ணெயில் நனைந்த கம்பிவலைப் பெட்டிகள் நுண்டூசியைப் பற்றிக்கொள்கின்றன. இப்பெட்டிகளைக் கழற்றி, டீசலில் அலசி, எண்ணெயில் தோய்த்து, மிகை எண்ணெய் வடியும்வரை வைத்திருந்து மீண்டும் பூட்டவேண்டும். இப்படிகளுள் பெரிதும் சுருக்கப்படுவது வடியவிடுதலே. அதற்கு உழைப்பு தேவையில்லை, பொறுமையே தேவை. ஆணைக்காகக் காத்திருக்கும் படையில் கிடைத்தற்கு அரியதும் அதுவே. வடியாத எண்ணெயை இயந்திரம் இழுத்துக்கொள்ளும், புகை மிகும்.

பூட்டியபின் செய்யவேண்டிய மற்றொரு சோதனை எளிதில் மறக்கப்படுகிறது. வடிப்பானுக்கும் இயந்திரத்துக்கும் இடைப்பட்ட காற்றுக்குழாயின் இணைப்புகளைத் துடைத்துப் பார்க்கவேண்டும். அங்கு மெல்லிய தூசிக்கோடு தென்பட்டால், காற்று வடிப்பானைச் சுற்றிக்கொண்டு நுழைகிறது என்று பொருள். அந்நிலையில் வடிப்பானை எத்தனை முறை அலசினாலும் பயனில்லை.

தொழில்நுட்ப மேம்பாடு இச்சிக்கலை நீக்கிவிடவில்லை. 1500 குதிரைத்திறன் கொண்ட விசையாழி இயந்திரத்தில் ஓடும் அமெரிக்க எம்1 ஆப்ரம்ஸ், அதே அளவு திறனுள்ள டீசல் இயந்திரத்தைவிட மிகுதியான காற்றை இழுப்பது. 1991 வளைகுடாப் போரில் அதன் குழுவினர் வடிப்பானை அடிக்கடி நின்று துப்புரவு செய்ய நேர்ந்ததை, அமெரிக்கப் பொதுக் கணக்கு அலுவலகத்தின் 1992-ஆம் ஆண்டு அறிக்கை பதிவு செய்துள்ளது. அதே அறிக்கை அவ்வூர்திகள் உயர்ந்த அளவில் போருக்கு ஆயத்தமாக இருந்தன என்றும் கூறுகிறது. இவ்விரண்டும் முரண்பட்டவையல்ல, முன்னதன் விளைவே பின்னது.

கசிவும் அதன் மூன்று நிலைகளும்

எண்ணெய் கசிகிறதா என்ற வினாவுக்கு "ஆம்" அல்லது "இல்லை" என்று விடை கூறுவது பயனற்றது. முதிர்ந்த டாங்கி எதுவும் எங்கோ ஓரிடத்தில் கசிந்துகொண்டுதான் இருக்கும். எல்லாக் கசிவுக்கும் ஊர்தியை நிறுத்தினால் படையே நின்றுவிடும். எதற்கும் நிறுத்தாவிடில் இயந்திரம் நின்றுவிடும். அமெரிக்கப் படைக் கையேடுகள் இதற்குக் கண்ட தீர்வு சொல் சார்ந்தது. அவை கசிவை மூன்று வகுப்புகளாகப் பிரிக்கின்றன. ஈரமோ நிறமாற்றமோ தெரிந்து, துளி உருவாகாத நிலை முதல் வகுப்பு. துளி உருவாகி, சோதிக்கும்போது விழாமல் நிற்பது இரண்டாம் வகுப்பு. துளி விழுவது மூன்றாம் வகுப்பு. முதலிரண்டு வகுப்புகளில் எண்ணெய் மட்டத்தைக் கண்காணித்தவாறே ஊர்தியைப் பொதுவாக இயக்கலாம். மூன்றாம் வகுப்பை மேலதிகாரிக்கு அறிவிக்கவேண்டும். எரிபொருள் கசிவுக்கு இத்தளர்வு பொருந்தாது.

இவ்வகைப்பாடு அளவுகருவி எதையும் கேட்பதில்லை. கண்ணும் சொல்லும் போதும். ஆங்கிலத்தில் ஒரே சொல்லுக்கு எண்ணிட்டுக் காட்டவேண்டிய இவ்வேறுபாட்டைத் தமிழ் மூன்று வினைகளால் காட்டவல்லது: கசிதல், துளித்தல், சொட்டுதல். "கசிகிறது, துளிக்கவில்லை" என்ற தொடர் முதல் வகுப்பையும், "துளித்து நிற்கிறது" என்பது இரண்டாம் வகுப்பையும், "சொட்டுகிறது" என்பது மூன்றாம் வகுப்பையும் எண்ணின் துணையின்றியே உணர்த்தும். கலைச்சொல்லாக்கத்தில் நாம் பெயர்ச்சொற்களைத் தேடுவதிலேயே பெரிதும் முனைகிறோம். பராமரிப்புத் துறையில் தேவைப்படுபவை பெரும்பாலும் வினைகள்: இறுக்கு, தளர்த்து, துடை, அலசு, வடியவிடு, தட்டிக் கேள், தொட்டுப் பார். இவை எவருக்கும் விளக்கவேண்டாத சொற்கள். பிஸ்டன், கேஸ்கட், பேரிங் ஆகியவற்றை வழக்கிலுள்ளவாறே வைத்துக்கொண்டு, வினைகளைத் துல்லியப்படுத்தினாலே பயன்படத்தக்க தமிழ்க் கையேடு ஒன்றை எழுதிவிட முடியும். தமிழ்வழித் தொழிற்பயிற்சிக்கு இது உடனடியாகப் பொருந்தும். டிராக்டரும் மண்வாரி இயந்திரமும் இதே மூன்று நிலைகளில்தான் கசிகின்றன.

கண்ணுக்குத் தெரியாததைக் காட்டுவது எண்ணெய்ப் பகுப்பாய்வு. சூடான இயந்திரத்திலிருந்து எடுத்த சிறிதளவு எண்ணெயை நிறமாலைக் கருவியில் ஆய்ந்து, அதிலுள்ள உலோகங்களின் அளவைக் காண்பர். இரும்பு கூடினால் உருளையோ பல்லோ தேய்கிறது. செம்பு கூடினால் பேரிங் புஷ் ஐயத்துக்குரியது. சிலிக்கன் கூடினால் மணல் உட்புகுகிறது. சிலிக்கன் உயர்ந்த அறிக்கையைக் கண்டதும் எண்ணெயை மட்டும் மாற்றிவிட்டு அமைதியடைவது பரவலான பிழை. அவ்வறிக்கை எண்ணெயைப் பற்றியதன்று, காற்றுக்குழாய் இணைப்பைப் பற்றியது.

ஓடாத ஊர்தி

சுட்டபின் குழலைத் துடைத்தல், பின்னுதைப்பு அமைப்பின் நீர்ம அளவைப் பார்த்தல், தீயணைப்புக் கலங்களின் நிலையறிதல், அடித்தட்டில் தேங்கிய எண்ணெயையும் டீசலையும் வெளியேற்றுதல் ஆகியவை பற்றி விரித்துரைக்கத் தேவையில்லை. இவற்றின் காரணம் வெளிப்படை. ஓடாமல் நிற்கும் ஊர்தி பற்றியே விளக்கம் தேவைப்படுகிறது.

நிறுத்திவைத்த டாங்கி கெடாது என்ற எண்ணம் பொதுவாக உண்டு. உண்மையில் ஈயமின்கலம் பயன்படாமலே மின்னூட்டத்தை இழக்கும். பாலைவன வெப்பம் அவ்விழப்பை விரைவாக்கும். ரப்பர் அடைப்புகள் எண்ணெய்ப் படலம் வற்றி இறுகும். உருளைச் சுவரிலிருந்து எண்ணெய் வழிந்து இறங்கிவிடும். ஆகவேதான் டி-72-இல் இயந்திரத்தைச் சுழற்றுவதற்கு முன் தனி மின்பம்பினால் எண்ணெயழுத்தத்தை ஏற்றிக்கொள்ளும் ஏற்பாடு உள்ளது. கடுங்குளிர் இதன் மறுபக்கம். டீசலில் மெழுகு திரளும், எண்ணெய் தடிக்கும், மின்கலத்தின் திறன் குறையும். 2020 முதல் கிழக்கு லடாக்கில் நிறுத்தப்பட்டுள்ள டாங்கிகளின் குழுவினருக்குக் குளிர்கால இரவுகளில் இயந்திரத்தை இடையிடையே இயக்குவது வழக்கமான பணி. அப்பகுதிக்குக் கவச ஊர்திகள் புதியவையல்ல. 1948 நவம்பரில் ஏழாம் லைட் கேவல்ரியின் ஸ்டூவர்ட் டாங்கிகள், மதராஸ் சப்பர்கள் அகலப்படுத்திய பாதை வழியே 3500 மீட்டர் உயரமுள்ள சோஜி லா கணவாயில் ஏறின.

நின்ற ஊர்தியின் மற்றோர் ஆபத்து அதன் அழகு. வண்ணம் பூசி வரிசையாக நிறுத்திய டாங்கிகள் மேற்பார்வையாளர் கண்ணுக்கு ஆயத்தமானவையாகவே தோன்றும். தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலில் பீலி சூட்டி, நெய் பூசி வைத்திருந்த வேல்களையும், கொல்லன் உலைக்களத்தில் முனை முறிந்து கிடந்த அதியமானின் வேல்களையும் ஒப்பிட்ட ஔவையாரின் புறநானூற்றுப் பாடல் (95) தமிழாய்வாளர் அறிந்ததே. பயன்பட்ட கருவியின் பெருமையை அப்பாடல் பேசுகிறது. பராமரிப்பு நோக்கில் படித்தால் வேறொரு வினா எழுகிறது: நாளை போரெனில் இருவருள் எவரிடம் எத்தனை வேல் உண்டு? நெய் பூசுவதும் உலைக்கு அனுப்புவதும் மாற்று வழிகளல்ல. ஒரே பணியின் இரு படிகள்.

எத்தனை கைகள்

விஜயந்தாவின் குழு நால்வர்: தலைவர், சுடுநர், குண்டேற்றுநர், ஓட்டுநர். டி-72-இல் தானியங்கிக் குண்டேற்றி இடம்பெற்றதால் குழு மூவராயிற்று. ஊர்தி சிறுத்தது, எடை குறைந்தது, தாழ்ந்த உருவம் கிடைத்தது. இவை உண்மையான ஆதாயங்கள். ஆனால் சங்கிலிப்பட்டையின் எடை அதனால் குறையவில்லை. நால்வர் பகிர்ந்துகொண்ட துப்புரவையும், எண்ணெயிடலையும், இரவுக்காவலையும் மூவர் செய்யவேண்டும். பேணவேண்டிய பட்டியலில் குண்டேற்றி இயந்திரமும் புதிதாகச் சேர்ந்துள்ளது. தலைவர் ஆணைக்கூட்டத்துக்குச் சென்றுவிட்டால் எஞ்சுவோர் இருவரே. அர்ஜுனில் மீண்டும் நால்வர். டி-90-இல் மீண்டும் மூவர். குழுவின் அளவைப் பற்றிய விவாதங்கள் சுடும் வேகத்தையே மையப்படுத்துகின்றன. மாலையில் பட்டையைப் பிடிக்க எத்தனை கைகள் உள்ளன என்பதும் அவ்விவாதத்தில் இடம்பெறவேண்டும்.

பதிவேடும் பொய்க்குறியும்

சோதனையின் முடிவு பதிவேட்டில் இடம்பெற்றால்தான் அடுத்த படியிலுள்ளோர்க்கு அது பயன்படும். அமெரிக்கப் படிவத்தில் ஊர்தியை இயக்கவே கூடாத குறைக்குப் பெருக்கல் குறியும், இயக்கத்தைத் தடுக்காத குறைக்குச் சாய்கோடும் இடப்படுகின்றன. கையேட்டின் சோதனை அட்டவணையில் ஒவ்வொரு சோதனைக்கும் எதிரே, எந்நிலையில் ஊர்தி பணிக்கு உரியதன்று என்பதைக் கூறும் தனிப்பத்தி உண்டு. முடிவெடுக்கும் சுமை இதனால் இளம் வீரனின் தோளிலிருந்து கையேட்டுக்கு மாறுகிறது.

எனினும் ஊர்தியைப் பாராமலே குறியிடும் பழக்கம் எல்லாப் படைகளுக்கும் பொதுவானது. அதற்குச் சோம்பலை மட்டும் காரணமாக்குவது எளிய விளக்கம். ஆயத்த ஊர்திகளின் விழுக்காடு தளபதியின் மதிப்பீட்டோடு இணைக்கப்படும்போது, பெருக்கல் குறி இடுபவர் தொல்லை தருபவராகிறார். வெற்றுப் பதிவேட்டைக் காட்டிலும் பொய்ப் பதிவேடு கேடு மிக்கது. வெற்றிடத்தைக் கண்டவர் ஊர்தியைச் சென்று பார்ப்பார். குறியைக் கண்டவர் பார்க்கமாட்டார்.

படிக்கப்படாத கையேட்டின் சிக்கலை அமெரிக்கப் படை ஓவியத்தால் எதிர்கொண்டது. இரண்டாம் உலகப் போரின்போது படைப்பணியில் இருந்த சித்திரக்கதை ஓவியர் வில் ஐஸ்னர், 'ஆர்மி மோட்டார்ஸ்' இதழில் ஜோ டோப் என்னும் கவனமற்ற வீரனைப் படைத்தார். 1951-இல் தொடங்கிய 'பி.எஸ்.' என்னும் தடுப்புப் பராமரிப்பு மாத இதழின் கலைப்பொறுப்பை அவர் 1971 வரை ஏற்றிருந்தார். பழுதைத் திட்டாமல் எள்ளி நகையாடியதே அவ்விதழின் உத்தி.

பராமரிப்பு மிகுந்தால் நன்மையும் மிகும் என்ற எண்ணத்துக்கும் வரம்புண்டு. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியக் கடலோர வான்படைக்காகப் பணியாற்றிய உயிரியலாளர் சி.எச். வாடிங்டன், குறித்த பறப்பு மணிகளுக்கு ஒருமுறை நடந்த சோதனைக்கு அடுத்து வந்த மணிகளில் எதிர்பாராப் பழுதுகள் குறையாமல் கூடியதைக் கண்டறிந்தார். சோதனைக்கென்று திறந்ததே பழுதுக்கு வழிவகுத்தது. 1978-இல் நோலனும் ஹீப்பும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கு அளித்த அறிக்கை, வானூர்தி உறுப்புகளுள் பெரும்பாலானவற்றுக்குத் தெளிவான தேய்வு வயது இல்லை என்று காட்டி, நாட்கணக்கில் பிரித்து மாட்டும் முறையைக் கேள்விக்குள்ளாக்கியது.

இம்முடிவுகளை டாங்கிக்கு அப்படியே பொருத்துதல் கூடாது. சங்கிலிப்பட்டைக்கும் புஷ்ஷுக்கும் தேய்வு வயது உறுதியாக உண்டு. அவற்றுக்குக் கிலோமீட்டர்க் கணக்கே சரியான அளவுகோல். வடிப்பானுக்கோ கிலோமீட்டர் பொருந்தாது. ஈர நிலத்தில் நெடுந்தொலைவு தூய்மையாக இருப்பது புழுதியில் சில மணிகளிலேயே அடைபடும். அதே வேளையில், தேவையின்றி ஒவ்வொரு முறை திறக்கும்போதும் விளிம்பு தவறிப் பொருந்தும் வாய்ப்பு உண்டு. எனவே வடிப்பானைத் திறக்கும் நாளை நாட்காட்டியினின்றும் பெறாமல், உள்ளிழுப்புத் தடையைக் காட்டும் அளவியினின்றும், அன்றைய தரையினின்றும், முன்னூர்தி எழுப்பிய புழுதியினின்றும் பெறவேண்டியுள்ளது. அம்மூன்றையும் அறிந்தவர் ஓட்டுநரே. பெரும்பாலான படிவங்களில் அவற்றை எழுதுவதற்கென்று தனிப்பத்தி இல்லை.